ஏர்கோன் ரூமில் பால்சா மரம்

"இனிமே இந்த ரூமுக்குள்ள மூச்சு விடறதா இருந்தாக்கூட என்னைக் கேட்டுத்தான் விடணும்!"

என் அப்பா சத்தியசீலன் இப்படி முழங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஒட்டிச் செய்து பறக்கவிடும் மர விமானம், துண்டு துண்டாக. அந்த வசனத்தைத் தாடையைத் தொங்கப்போட்டு, 'ரூமை' ரப்பராக இழுத்துச் சொல்ல வேண்டும். நான் பள்ளிப் பஸ்ஸில் சொல்லிக்காட்டினேன். டிரைவர் பிரேக்கே போட்டுவிட்டார்.

விமானம் செய்வது பால்சா மரத்தில். அப்பளத்துக்கு அண்ணன், காற்றுக்குத் தம்பி. ஈரம் பட்டால் வளைந்துவிடும். எங்கள் கோல சிலாங்கூரிலோ கடலும் ஆறும் சேர்ந்து ஈரத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கின்றன. காலையில் டின்னைத் திறந்து வைத்தால் முறுக்கு சாயங்காலம் சப்பாத்தி. வளைந்த பலகையில் விமானம் செய்து ஈஜோக் பக்கம் விட்டால், அது கடலோர ஜெராமில் போய் மீன் வாங்கிக்கொண்டு வரும்.

அதனால் வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் பலகையைக் காய்ந்த அறையில், சமமான இடத்தில், மேலே பாரம் வைத்துச் சில நாள் கிடத்த வேண்டுமாம். பக்கத்தில் ஈரம் காட்டும் மீட்டர் வேண்டுமாம்; அதையும் வாங்கிவிட்டார். இதெல்லாம் உண்மைதான்.

பொய் எங்கே இருந்தது என்றால், அறையில். எங்கள் வீட்டில் ஏர்கோன் இருப்பது ஒரே ஒரு அறையில். மறுநாள் சுங்கை பெசாரிலிருந்து அம்மாவின் அக்கா தங்கமணி பெரியம்மா வருகிறார். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் வருவார். வந்தால் அக்காவும் தங்கையும் ஏர்கோனில். அப்பா ஹாலில் பாயில். விடிய விடியக் கொசுக்கள் அவர் காலில், ரப்பர் தோட்டம் மாதிரி, பால் மரம் வெட்டும்.

என் அம்மா திலகா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அக்கா எங்கங்க படுப்பாங்க?"

"ஹால்ல. ஜன்னல் வழியா என்னா காத்து தெரியுமா!"

"போன லீவுல அங்க படுத்துட்டு, டெங்கி வந்து சாகப்போறேன்னு கத்தினது யாரு?"

"அது வேற காத்து."

"சரி. நானு?"

"ஒரு ஆளு மூச்சுல ராத்திரிக்கு ஒரு கிளாஸ் தண்ணி இருக்கு திலகா! ரெண்டு பேருன்னா ரெண்டு கிளாஸ். மரம் குடிச்சிரும்லா!"

"உங்க மூச்சு?"

"நான் யோகா ஆளு. அளவாத்தான் விடுவேன்."

அம்மா கோபப்படவே இல்லை. அங்கேயே அப்பா உஷாராகியிருக்க வேண்டும். கோபப்படாத அம்மா, அலை அடிக்காத கடல் மாதிரி. உள்ளே ஏதோ வந்துகொண்டிருக்கும்.

மறுநாள் ஞாயிறு. பெரியம்மா பையோடு வந்து இறங்கினார். அம்மா விஷயத்தைச் சொன்னார். பெரியம்மா கன்னத்தில் கை வைத்தார். "அடி ஆத்தே! மரத்துக்கு ஏர்கோனா? மனுசருக்கே கரண்டு பில்லு கட்ட முடியல!"

"அறிவியல், அண்ணி," என்றார் அப்பா.

"அறிவியல்னா சோதிச்சுப் பாக்கணும்தானே," என்றார் அம்மா. "சாப்பிட்டு ஆளுக்கு ஒரு தூக்கம் அந்த ரூம்ல போடுங்க. யாரு மூச்சு மரத்துக்கு ஆவாதுன்னு மீட்டரே சொல்லட்டும்."

தான் வாங்கிய மீட்டரை எப்படி வேண்டாம் என்பது? அப்பா சம்மதித்தார். வாழையிலைச் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டுப் பலகைகளின் பக்கத்தில் படுத்தார். மீட்டர் ஐம்பது காட்டியது. அவர் குறட்டை, லோரி மேடு ஏறுகிற ஜாதி. அது இரண்டாவது கியருக்கு வந்ததும் அம்மா ரிமோட்டை என் கையில் திணித்தார்.

"நித்தியா, அமுக்கு."

அமுக்கினேன். ஏர்கோன் நின்றது. அம்மா ஜன்னலையும் திறந்துவிட்டார். திடீரென்று அமைதியானால் அப்பா விழித்துக்கொள்வாரே? அதற்குத்தான் கடவுள் என்னைப் படைத்திருக்கிறார். ரூம் வாசலில் உட்கார்ந்து, "ம்ம்ம்ம்ம்... கடக்... ம்ம்ம்ம்ம்." அந்தக் 'கடக்' எங்கள் ஏர்கோனுக்கே உரியது. பெரியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்.

அப்பா வேர்வையில் ஊறியதும் ஜன்னலைச் சாத்தி, ஏர்கோனைத் தட்டிவிட்டு, அவரை எழுப்பினோம். மீட்டர் எண்பத்திரண்டு.

"ஐயோ என்னங்க இது!" அம்மா பதறினார். "ஒரு கிளாஸ் இல்லீங்க, ஒரு குடம்!"

"ஏர்கோன் ஓடுதுதானே?" அப்பா சந்தேகமாக அண்ணாந்து பார்த்தார். குளிர்காற்று அவர் முகத்திலேயே அடித்தது. "இல்ல... இன்னிக்கு ரசம் கொஞ்சம் அதிகம்..."

"அப்ப ரசம் குடிக்காத அக்கா படுக்கட்டும்."

பெரியம்மா படுத்தார். ஏர்கோன் பதினாறில். போர்வை கழுத்துவரை. எழுந்தபோது மீட்டர் நாற்பத்தெட்டு.

"எனக்குக் கல்யாண வீட்டு அடுப்படியில நின்னாலே வேர்க்காது மாப்பிள்ளை," என்றார் பெரியம்மா அடக்கமாக.

அப்பா மீட்டரைத் தட்டிப் பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். அது பொய் சொல்கிறது என்றால் அவர் சொன்ன அறிவியலும் பொய். அறிவியல் உண்மை என்றால் பாய்.

சாயங்காலம் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஹாலுக்கு நடந்தபோது பெரியம்மா கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, ஏரோப்ளேன் முடிய எத்தனை நாளாகும்?"

தோற்றாலும் கெத்து போகுமா? அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "இது விளையாட்டுச் சாமான் இல்ல அண்ணி. நேர்த்தியா செஞ்சா மூணு மாசம் ஆகும்."

"நிதானமா செய்யுங்க மாப்பிள்ளை. மரத்தைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? மூணு மாசமும் நான் இங்கயே இருந்து பாத்துக்கறேன்."