தீவுக் கப்பலும் பரஸ்தானப் பெட்டியும்

இதை எழுத நான் வருஷக்கணக்கில் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். சாஸ்திரத்தைக் கேலி செய்ததாக ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். என் மானம் கப்பலேறிவிடுமே என்ற பயம் இன்னொரு பக்கம். (எது பெரிய பயம் என்று கேட்காதீர்கள்.) ஆனால் விளக்கேற்றிக் கும்பிடும்போது இந்தச் சம்பவம் நினைவுக்கு வந்து எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. முருகனுக்கு முன்னால் நின்று சிரித்தாகிவிட்டது, இனி ஊருக்குத் தெரிந்தால் என்ன என்று துணிந்துவிட்டேன். நான் ஏழாம் வகுப்புத் தாண்டாதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கொச்சங்காடியில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் குமாஸ்தா. அரிசி, வெங்காயம், மிளகாய் வற்றல் என்று லட்சத்தீவுக்குச் சரக்கு அனுப்புகிற கிடங்கு. அந்த முதலாளிக்குத் திடீரென்று எங்கள்மேல் பிரியம் வந்து, தீவுகளைச் சுற்றிக் காட்டிக் கூட்டி வருகிற கப்பலில் எங்கள் நாலு பேருக்கும் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். தீவில் இறங்கப் பெர்மிட் வேண்டும், அதையும் அவரே ஏற்பாடு செய்தார். நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கப்பலில் போய் ஏற வேண்டும்.

நாலு பேர் யாரென்றால், நான், இவர், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த மகள் உஷா, அப்புறம் என் மாமனார்.

மாமனார் இளவயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தவர். துறைமுகத்தில் மூட்டைகளுக்கு அடையாளம் போடுகிற வேலை. எத்தனையோ கப்பல்களை வழியனுப்பியவர், ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை.

"கப்பல் மேல நின்னுக்கிட்டு இந்தக் கொச்சி எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துரணும் கோமதி. இங்கேருந்தே கப்பலப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு" என்பார். அந்த வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்திருந்தார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அதனால் இந்தப் பயணம் ஒரு விக்கினமும் இல்லாமல் நடந்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பொறுப்பை நானே என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். விக்கினம் தொடங்கியது அங்கேதான்.

ஒரு மாதம் முன்பே வீடு கப்பலாக ஆடத் தொடங்கிவிட்டது. நான் ஐந்து நாளைக்கும் சேர்த்துப் புளிக்காய்ச்சல் கிண்டினேன். வாந்திக்கு எலுமிச்சம்பழம், தலைசுற்றலுக்குச் சுக்கு, கப்பல்காரர்களுக்குக் கொடுக்க முறுக்கு.

"அம்மே, கப்பல்ல கேன்டீன் உண்டு. புளிக்காய்ச்சல் ஒண்ணும் கொண்டுவரண்டா. எனக்கு நாணக்கேடா இருக்கும்" என்றாள் உஷா. (அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கோபம் வந்தால் தமிழ் பாதியிலேயே இறங்கிவிடும்.)

"நடுக்கடல்ல கேன்டீன் மூடியிருந்தா என்னடி செய்வே?"

"ஏட்டி, அவ சொல்றது சரிதான். கடல்ல பொட்டிக்கடை கிடையாது பாத்துக்க" என்று மாமனார் எனக்குப் பரிந்து பேசினார். அவருக்கு என் முறுக்கு பிடிக்கும்.

உஷாவின் கவலை வேறு. பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய புது மேக்ஸியைக் கப்பலில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி போட்டோ எடுக்க வேண்டும். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டாளாம்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, கப்பல் வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கிளம்புகிறது என்று இவர் வந்து சொன்னார். நாள்காட்டியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். தீவு இருப்பதும் மேற்கே. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். கப்பல்காரர்கள் உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இதைவிட மோசமான நேரம் அகப்பட்டிருக்காது.

"முதலாளிகிட்டச் சொல்லிக் கப்பல ஒரு மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்லக் கூடாதா?"

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கப்பல் என்ன, ஒங்க அண்ணன் ஓட்டுற வாடகைக் காரா?"

இதற்குச் சாஸ்திரத்திலேயே வழி இருக்கிறது. பரஸ்தானம் வைப்பது. கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் நம்முடைய சாமான் ஏதாவது ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றி வேறொருவர் இடத்தில் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ராகு காலத்தில் நாம் கிளம்பினாலும் தோஷமில்லை, போகிற வழியில் அந்தச் சாமானை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வைத்த சாமான் திரும்ப வீட்டுப்படி ஏறக் கூடாது.

சாதாரணமாக ஒரு மஞ்சள் துணியோ ஒரு வேட்டியோ வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. போகப்போவது கடல். அதனால் ஆளுக்கொரு சாமான் என்று ஒரு தகரப் பெட்டியில் அடுக்கினேன். இவருடைய பட்டுக்கரை வேட்டி, மாமனாரின் குரங்குக் குல்லா (கொச்சி வெயிலில் அது எதற்கு என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை), என்னுடைய கந்த சஷ்டிப் புத்தகம், உஷாவின் மேக்ஸி.

மூடப் போகும்போது ஒரு யோசனை வந்தது. பயணத்துக்கு உயிரே டிக்கெட்டும் பெர்மிட்டும்தானே? அவை வெளியேறாமல் வெறும் துணிமணி வெளியேறினால் துணிமணிக்குத்தானே நல்ல நேரம்? அலமாரியிலிருந்து அவை இருந்த கவரை எடுத்து மேக்ஸிக்கு அடியில் வைத்தேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்தால் அது அபசகுனம். (அன்று என் புத்தி அவ்வளவு கூர்மையாக வேலை செய்தது.)

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் கற்பூரம் காட்டி, பெட்டியைக் கொச்சங்காடிக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்களுக்கு மேஸ்திரி பரீதிக்கா (இக்கா என்றால் அங்கே அண்ணன்). தங்கமான மனிதர். இவர் அப்போது உள்ளே கணக்கில் மூழ்கியிருந்தார்.

"பரீதிக்கா, இது தீவுக் கப்பல்ல போற பெட்டி. வெள்ளிக்கிழமை போகணும். பத்திரம். என்ன ஆனாலும் திரும்ப எங்க வீட்டுக்கு வந்துடக் கூடாது" என்றேன். பரஸ்தானம் என்றால் என்ன என்று விளக்க வெட்கமாக இருந்ததால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"சேச்சி விஷமிக்கண்டா. காரியம் நான் ஏற்று" என்று, கவலையே வேண்டாம் என்பதுபோல நெஞ்சில் கை வைத்துச் சொன்னார் பரீதிக்கா.

வெள்ளிக்கிழமை காலை குளித்து, விபூதி பூசி, சூலத்துக்குப் பரிகாரமாக ஆளுக்கொரு துண்டு வெல்லம் தின்றுவிட்டு ஆட்டோவில் கிளம்பினோம். முதலில் கிடங்கு. வாசலிலேயே பரீதிக்கா சிரித்த முகமாக நின்றார்.

"பெட்டி எங்கே பரீதிக்கா?"

"அது காலையிலே கப்பல்ல ஏறிக் கழிஞ்ஞு சேச்சி! உள்ளி மூட்டையோட ஆதியம் ஏத்தினது நம்ம பெட்டியாணு. சேச்சிக்குச் சுமக்குற கஷ்டம் வேண்டாம்னு நெனச்சேன்."

அதிகாலையிலேயே வெங்காய மூட்டைகளோடு பெட்டியும் கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விட்டது. அவர்மேல் என்ன குற்றம்? கப்பலில் போற பெட்டி என்றேன், அனுப்பிவிட்டார். திரும்ப வரக் கூடாது என்றேன், வராதபடி அனுப்பிவிட்டார்.

"போனாப் போவுது, நல்லதாப் போச்சு. கையை வீசிக்கிட்டுப் போய் ஏறலாம்" என்றார் இவர் சந்தோஷமாக. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் இப்படி முழிக்கிற?"

"அந்தக் கவர்..."

"எந்தக் கவர்?"

உஷா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மே! பெர்மிட்டா?"

ஆட்டோ தோப்பும்படிப் பாலத்தில் பறந்தது. மாமனார் மட்டும், "பயப்படாத கோமதி, கப்பல் அங்கதான நிக்குது" என்றார். நின்றது. துறைமுகத்து வாசலிலிருந்தே வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஆனால் வாசலில் ஒரு காவல்காரரும் நின்றார்.

"பெர்மிட் எவிடே?"

"கப்பல்ல இருக்கு சார்" என்றேன்.

"அப்போ நிங்ஙள் எந்தா வெளியில?"

"பெர்மிட் இல்லாம விடமாட்டீங்களே சார்."

"பெர்மிட் எவிடே?"

"கப்பல்ல இருக்கு சார்."

இப்படியே மூன்று சுற்றுப் போனோம். நான்காவது சுற்றில் என்னால் பொறுக்க முடியாமல், பரஸ்தானம் என்றால் என்ன, வெள்ளிக்கிழமைச் சூலம் எந்தத் திசை என்று அவருக்கு முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னால் வந்து நின்றவர்களும் கேட்டார்கள். ஒருவர், செவ்வாய்க்கிழமைக்கு எந்தத் திசை என்றுகூட விசாரித்தார். இவர் இதற்குள் கப்பல் ஆபீசுக்கு ஓடி, ஒரு ஆளைக் கப்பலுக்குள் அனுப்பி வைத்தார். அந்த ஆள் திரும்பி வந்து, பெட்டி மொத்த வெங்காயத்துக்கும் அடியில் இருக்கிறது, தீவில் மூட்டை இறக்கினால்தான் எடுக்க முடியும் என்றார்.

சரியாகப் பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. ராகு காலத்தின் நட்டநடுவில், மேற்கு நோக்கி, எங்கள் பெட்டி புறப்பட்டது.

உஷா குலுங்கிக் குலுங்கி அழுதாள். இவர் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். மாமனார் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சரி, வீட்டுக்குப் போட்டுலயே போவோம். தண்ணியிலயாவது போன மாதிரி இருக்கும்" என்றார்.

கோட்டைக் கொச்சிக்குப் போகிற போட்டில் ஏறினோம். துறையை விட்டு விலகித் திரும்பவே கப்பலுக்கு நேரம் பிடித்திருக்க வேண்டும், நடுவழியில் எங்களுக்குப் பின்னாலிருந்து அது வந்து, ஒரு மாளிகை நகர்வது போல எங்களைக் கடந்தது. அது கிளப்பிய அலையில் எங்கள் போட்டு ஆடியது. மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏட்டி உஷா, கை காட்டு. நம்ம பெட்டி போகுது."

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த உஷா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, "டாட்டா மேக்ஸி!" என்று கத்தினாள். போட்டில் இருந்த மீன்காரிகளும் எதற்கென்று தெரியாமலே கையாட்டினார்கள். இவர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாமனார் திரும்பிக் கரையைப் பார்த்து, "இது தாழ இருக்கு. ஒண்ணும் தெரியல" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்துவிட்டது. முருகா, மாமா கப்பலில் ஏறாமலே போய்விட்டால் அந்தப் பாவம் என்னைச் சேர்ந்ததுதான் என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்துப் பரீதிக்கா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். தீவில் மூட்டை இறக்கும்போது கண்டெடுத்து, உள்ளே பெர்மிட்டைப் பார்த்து, திரும்பி வரும்போது எங்களுக்கென்று ஒதுக்கிய அறையிலேயே, மெத்தையின்மேல் வைத்துக் கொண்டுவந்தார்களாம். "ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி. கவரத்தித் தீவு எல்லாம் கண்டுட்டு வந்திருக்கு" என்றார் பரீதிக்கா. மாமனார் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "வாந்தி எடுத்தியாடே?" என்று விசாரித்தார். மேக்ஸியில் ஏறிய வெங்காய வாசனை கடைசிவரை போகவில்லை.

பரஸ்தானம் பலித்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். நல்ல நேரத்தில் கிளம்பியது எதுவோ, அது ஒரு விக்கினமும் இல்லாமல் போய்விட்டு வந்தது.

மழைக்காலம் முடிந்து கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியபோது, விழுந்து விழுந்து சிரித்து முடித்திருந்த முதலாளி மறுபடி இடம் வாங்கிக் கொடுத்தார். மறுபடியும் வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. நான் வாயே திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் என் முகம் அடங்கவில்லை போலிருக்கிறது.

மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஒனக்கு என்ன வேணும் கோமதி? இந்த வீட்டுலேருந்து ஏதாவது ஒண்ணு நல்ல நேரத்துல கெளம்பி வேற எடத்துல போய் இருக்கணும். அம்புட்டுதான? நானே போயிருதேன். நானும் இந்த வீட்டுப் பழைய சாமான்தான."

"நீங்க எப்படி மாமா..."

"பெட்டிக்கு வாய் இல்ல, மூட்டையோட போயிட்டு. எனக்கு வாய் இருக்குல்லா?"

வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில், கவரைச் சட்டைக்குள் வைத்து ஊசி குத்திக்கொண்டு, குல்லாவும் கையுமாக மாமனார் பரீதிக்கா வீட்டுக்குப் பரஸ்தானம் போனார். நான் கற்பூரம் காட்டினேன். ஏற்றுக்கொண்டார். சாயங்காலம் மாத்திரையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து தெருமுனை வரை வந்தவர், அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கவில்லை. "படி ஏறக் கூடாதுல்லா!" என்று அங்கிருந்தே கூப்பாடு போட, உஷா மாத்திரையோடு ஓடினாள்.

மறுநாள் அவர்தான் முதலில் ஏறினார். காயல் கடலோடு சேருகிற அழிமுகம் தாண்டும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று பார்த்தார். கிடங்குகளும் தென்னைகளும் வலைகளும் சிறுத்துக்கொண்டே போயின. என்ன சொல்லப் போகிறார் என்று மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"இம்புட்டுதானா கொச்சி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுக்குள்ளயா இத்தன வருஷம் நடந்தேன்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முறுக்கு கேட்டார். (போக வர வாந்தி எடுத்தது நான். என் பங்குச் சாப்பாட்டையும் அவர்தான் சாப்பிட்டார்.)

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், இருப்பதில் வயதானவரை முதலில் வண்டியில் உட்கார வைத்துவிட்டு, "பரஸ்தானம் ஏறியாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்கள். மாமனார் காலமான பிறகு அந்தப் பதவி இவருக்கு வந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது.

உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் மாமனாரையே வெங்காய மூட்டைகளோடு கட்டி ஏற்றினார்கள் என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதியபடியே சொல்லுங்கள். மூட்டையோடு போனது பெட்டிதான். அவர் தன் காலால் நடந்துதான் ஏறினார்.