இரண்டாம் தடவை கேட்காத ஆன்ட்டி

யாராவது எதையாவது கொடுத்தால் நம்மவர்களுக்கு உடனே வாங்கத் தெரியாது. முதலில் வேண்டாம் என்போம். அவர் வற்புறுத்துவார். மறுபடியும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை, பாவம், அவர் மனம் நோகக் கூடாதே என்று வாங்கிக்கொள்வோம். இந்த மரியாதை என் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது.

அமெரிக்காவில், சான்டா கிளாராவில் என் சாஃப்ட்வேர் வேலை போன சமயம். வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையில்தான் வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருந்தது. பகுதி நேர வேலை பார்க்கலாம். சம்பாதித்ததைச் சொல்லிவிட்டால் அதற்கேற்பக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஆகவே சனி, ஞாயிறுகளில் சரோஜா ஆன்ட்டியின் கேட்டரிங்கில் சேர்ந்து, வீடு வீடாகச் சாம்பார் இறக்கினேன். (ஒரு துளி சிந்தியதில்லை என்று சொல்ல ஆசைதான். காரின் பின்சீட் இன்றும் மணக்கிறது.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி கூப்பிட்டார். கோயம்புத்தூர்க்காரர்.

“தம்பி, நல்லா டிரைவ் பண்றீங்க. திங்கள், செவ்வாயும் வந்துருங்களேன்.”

உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். வாய் மட்டும் வளர்ப்பை விடவில்லை. “ஐயோ, உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி சிரமம்? இருக்கட்டும்.”

“அப்படீங்களா? சரிங்க தம்பி. அப்ப பிரகாஷைக் கேட்டுக்கறேன்.”

அவ்வளவுதான்! பல வருட அமெரிக்க வாசம் அவரைக் கெடுத்துவிட்டது. மறுபடி கேட்பார் என்று காலிப் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். “பளிச்சுனு ஆயிருச்சு, வீட்டுக்குக் கெளம்புங்க” என்றார்.

உதவித்தொகை வாங்க வாராவாரம் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வந்த வேலை எதையாவது மறுத்தீர்களா என்பது அதில் ஒன்று. யோக்கியனாகப் பிறந்து தொலைத்தவன், ஆமாம் என்றேன். விசாரிக்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

“ஏன் மறுத்தீர்கள்?”

“மறுக்கவில்லை மேடம். வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன்.”

“புரியவில்லை” என்றார்.

“எங்கள் வழக்கப்படி மூன்று தடவை கேட்க வேண்டும்” என்று விளக்கினேன்.

“அவர் எத்தனை தடவை கேட்டார்?”

“ஒரே தடவை. தப்பு அவர்மேல்தான்.”

பக்கத்தில் என் மனைவி சுதா தலையில் கை வைத்துக்கொண்டாள். சில வாரங்களுக்கு உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாத வாடகையை நினைத்தபோது எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. சிரிப்பெல்லாம் இப்போதுதான்.

அந்தச் சமயத்தில் பிளசன்டன் ஊரிலிருந்து சுதாவின் அண்ணன் அழைத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“மாப்ள, எங்க டீம்ல ஒரு ஓப்பனிங் இருக்கு. அப்ளை பண்றீங்களா?”

என் வாய் தானாகத் திறந்தது. “உங்களுக்கு எதுக்கு மச்சான்...”

சுதா போனைப் பிடுங்கினாள். “பண்றார் அண்ணா! பண்ணிட்டார்! திங்கக்கிழமையே வந்து நிப்பார்!”

அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். வீட்டில் இன்னொரு தோசை போடவா என்று சுதா கேட்டு நான் வேண்டாம் என்றால், என் மகள் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, இஸ் தட் எ ரியல் நோ, ஆர் அன் ஆன்ட்டி நோ?” என்பாள். பதில் சொல்வதற்குள் சுதா அடுப்பை அணைத்துவிடுகிறாள்.