நாற்பத்தோரு ராத்திரி டைமிங்

'கர்ர்ர்... புஸ்.'

பின்பக்கத் தகரக் கொட்டகையிலிருந்துதான் வந்தது. அங்கிருந்து வரவேண்டிய சத்தம் இதுவல்ல. அங்கிருந்து 'டொக்... டொக்' என்று வரவேண்டும். நாற்பது ராத்திரியாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கு கேம் டைமிங் வைக்கிறார், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைச் சரிசெய்கிறார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. இப்போது டொக்குக்கும் டொக்குக்கும் நடுவில் புதிதாக ஒரு கர்ர்ர்.

நான் பயந்தவள். கரப்பான்பூச்சிக்கே வழிவிட்டு நிற்பவள். கான்வென்ட் ஹாஸ்டலில் பத்து வருஷம் முப்பது பெண்களோடு ஒரே கூடத்தில் படுத்துப் பழகியதால், தனியாகத் தூங்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணமான பிறகு அந்தத் தேவையும் வரவில்லை. பாப்பா பிறந்து இருபது நாளானதும் வந்தது. ராத்திரி எட்டரைக்குக் கொட்டகைக்குப் போகிறவர் விடிந்துதான் வருவார். போகும்போது ஒரு உத்தரவு வேறு.

"பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாத. நான் பாட்டுக்குத் தண்ணி குடிக்க வருவேன், போவேன்."

ஒரு நாளும் வந்ததில்லை. நான்தான் அந்தப் போடாத தாழ்ப்பாளைப் பார்த்தபடி, பக்கத்தில் பாப்பாவைப் போட்டுக்கொண்டு, விடியவிடிய விழித்திருந்தேன்.

கேட்டால் விளக்கம் தயாராக இருக்கும்.

"இன்னும் முடியலையாங்க?"

"கேம் டைமிங்னா சும்மாவா? இது கம்பெனி இன்ஜின் இல்ல. போர் பெருசாக்கி, ஹெட்ட இழைச்சு, வேற கேம் போட்டிருக்கேன். ஒரு பல்லு தப்பினா வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். மொத்தமும் காலி."

"நேத்தும் இதேதான் சொன்னீங்க."

"நேத்து இன்லெட் வால்வு. இன்னிக்கு எக்ஸாஸ்ட்."

"முந்தாநேத்து?"

"முந்தாநேத்து ரெண்டையும் உக்கார வச்சுப் பேச்சுவார்த்தை."

இதற்கு மேல் நான் என்ன கேட்பது? எனக்கு வேண்டியது இன்ஜினே இல்லை. அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போன நாட்கள் உண்டு. சட்டையில் சலவை சோப்பு வாசனையும் கொஞ்சம் பெட்ரோலும் கலந்து வரும். கண்ணை மூடிக்கொள்வேன். எங்கே போகிறோம் என்று கேட்டதேயில்லை. இப்போதும் அந்த முதுகைப் பார்க்கிறேன், தினமும் எட்டரைக்கு, கொட்டகைக்குள் நுழையும்போது.

சரி, அந்த கர்ர்ர். திருடன்தான் என்று முடிவு செய்தேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, கைக்கு அகப்பட்ட ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அது பால்புட்டி கழுவுகிற பிரஷ் என்று தெரிந்தது.

உள்ளே ஒரு மேசை ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் கூண்டில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். ஃபேன் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஸ்பேனர் போய்க் கவிழ்த்து வைத்த ஆயில் டின்னை அடித்தது. டொக். கீழே பாயில் என் வீட்டுக்காரர். கர்ர்ர். தலைக்கடியில் நான் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கும் தலையணை. வண்டி துணி போர்த்தி நின்றது. துணியின் மேல் தூசி, விரலால் கணக்குப் போடலாம், அவ்வளவு.

எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் சண்டை வந்திருக்கும். மறுநாள் அவர் வீட்டுக்குள் படுப்பார், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு. அந்த முதுகு எனக்கு வேண்டாம். தானாக வரவேண்டும்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனார். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர் வீட்டில் இருப்பவளின் கண்ணடியில் கருவளையம் இருப்பதைக் கவனிக்கவில்லை. அவர் தெரு முனை திரும்பியதும் மாடி வீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பாப்பாவக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா? இன்ஜினுக்கு டைமிங் வைக்கணும்."

அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "பால் குடுக்கிற நேரத்துல உனக்கு ஏம்மா இந்த வேலை? நீ பல்லிக்கே என்னைக் கூப்பிடுறவ."

"பல்லிக்கு மேனுவல் கிடையாதுக்கா. இதுக்கு இருக்கு."

இருந்தது. முழுக்க ஆங்கிலம். அவர் அதில் படம் மட்டும் பார்ப்பார். நான் எழுத்துக்கூட்டாமல் படித்தேன். மொத்தம் ஒன்பது படிகள். மூன்றாவது படியிலேயே எனக்கு ஒரு உண்மை தெரிந்துபோயிற்று. இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் இந்த இன்ஜினில் ஒரே கேம் தண்டில்தான் இருக்கின்றன. ஒன்று சரியானால் இன்னொன்றும் சரி. பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

மிச்சமெல்லாம் பாப்பா பிறக்குமுன்னே பூட்டியாகிவிட்டது. பாக்கி இது மட்டும். கீழே கிராங்க் தண்டு, மேலே கேம் தண்டு, நடுவில் ஒரு செயின். கீழே இருப்பது இரண்டு சுற்று சுற்றினால் மேலே இருப்பது ஒரு சுற்று. எங்கள் வீட்டு நிர்வாகமும் அதே கணக்குதான் என்பதால் சட்டென்று விளங்கிவிட்டது.

"ஏம்மா, கைய வச்சுட்டு அப்படியே நிக்கிற?"

"கையால மெதுவா சுத்தணுமாம். எங்கயாவது தட்டினா அங்கேயே நிறுத்திடணுமாம். அழுத்தினா வால்வு வளைஞ்சிடுமாம்."

செயினை மாட்டிச் சுற்றினேன். தட்டியது. நிறுத்தினேன். என்னைப் போலப் பயந்தவர்களுக்கு நிறுத்துவது மட்டும் நன்றாக வரும். செயினைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன். மறுபடி மாட்டினேன். தட்டாமல் சுற்றியது. ஆனால் மாற்றிப் போட்ட கேம் என்பதால் பல்சக்கரங்களில் இருக்கும் குறிகள் பொருந்தினால் மட்டும் போதாது. கேம் வந்த பெட்டியில் ஒரு கார்டு. இன்லெட் வால்வு முழுசாகத் திறக்கவேண்டியது நூற்றியாறு டிகிரியில் என்று அதில் இருந்தது. கிராங்க் முனையில் டிகிரி குறித்த வட்டத் தட்டைப் பூட்டினேன். வால்வின் மேல் அது ஏறி இறங்கும் உயரத்தை அளக்கிற டயல் கேஜை நிறுத்தினேன். முழு உயரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் எத்தனை டிகிரி, தாண்டி ஒரு மில்லிமீட்டர் இறங்கும்போது எத்தனை டிகிரி, இரண்டையும் கூட்டி இரண்டால் வகு. எழுபத்து நாலு, நூற்றைம்பது. நூற்றிப் பன்னிரண்டு வந்தது.

"ஆறு அதிகம்க்கா."

"இடுப்புல ஆறு அதிகம்னா பிரிச்சுப் பிடிச்சுத் தைப்பேன். நீயும் பிரிச்சுப் பிடி."

பல்சக்கரத்தின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்தினேன். அறுபத்தெட்டு, நூற்று நாற்பத்து நாலு. நூற்றியாறு. கணக்கு டீச்சர் சிஸ்டர் இருந்தால் ஒரு ஸ்டார் ஒட்டியிருப்பார். மூடியைப் போட்டு, வண்டித் துணியை உதறி மடித்துவைத்து, கையைக் கழுவி, பாப்பாவை வாங்கிக்கொண்டேன். மூன்று மணி நேரம். அதில் பால் கொடுத்தது நாற்பது நிமிஷம்.

அன்று எட்டரைக்கு அவர் வழக்கம்போலப் போனார். நாலு நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"கொட்டகைக்கு யாராவது வந்தாங்களா?"

"இல்லையே. ஏங்க?"

"இல்ல... சும்மா."

நான் சொல்லிவைத்த நேரத்துக்குச் சரியாக அக்கா படியிறங்கி வந்தாள். "தம்பி, நேத்து ராத்திரி பூரா டொக்கு டொக்குன்னு தட்டுனீங்களே. இன்னுமா முடியல?"

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். 'நான் செய்யவில்லை' என்றால் நாற்பத்தோரு ராத்திரிக்குக் கணக்குச் சொல்லவேண்டும்.

"முடிஞ்சிடுச்சுக்கா," என்றார், பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி.

"நூத்தியாறு வந்துச்சாங்க?" என்றேன் நான்.

"உனக்கு எப்படித் தெரியும் நூத்தியாறு?"

"கார்டுல இருந்துச்சு. பாப்பாவுக்கு எதையாவது படிச்சுக் காட்டணுமில்ல."

வேறு வழியில்லாமல் வண்டியை வெளியே தள்ளி உதைத்தார். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவர் முகத்தில் சந்தோஷமும் துக்கமும் மாறி மாறி வந்தன. பின்னால் ஏறி உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் கையில் பாப்பா.

தலையணை வீட்டுக்கு வந்தது. அதோடு அவரும் வந்தார். விளக்கணைத்துக் கொஞ்ச நேரத்தில் பாப்பா வீறிட்டது. நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார்.

"ஏய், எந்திரி. கழுத்து ஆடுது இதுக்கு."

"அதுக்குத்தான் ரெண்டு கை."

இரண்டு கையாலும் தூக்கினார். பாப்பா அவர் சட்டையை மோந்து பார்த்துவிட்டு அடங்கிற்று.

"பயமா இருக்கு எனக்கு," என்றார் மெதுவாக. "அழுதா என்ன பண்றதுன்னே தெரியல. எங்கயாவது அழுத்திட்டா..."

"தட்டினா நிறுத்திடணும். அவ்வளவுதான். எனக்கு மட்டும் இதுக்கு மேனுவல் குடுத்தாங்களா?"

அவர் முதுகு என் பக்கம் இருந்தது. கன்னத்தை வைத்தேன். சலவை சோப்பு, கொஞ்சம் பெட்ரோல். பாப்பாவின் பால் வாசனையும் சேர்ந்திருந்தது. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனாலும் கண் பின்கதவுக்குப் போயிற்று. தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. நான் போடப்போவதுமில்லை. போடவேண்டாம் என்று உத்தரவிட்டவரே போடட்டும்.

பாப்பாவின் அழுகை அடங்கியதும் கொட்டகைச் சத்தம் தனியாகக் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

தலையணையோடு அவர் உள்ளே வந்த பிறகு, காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் போய் அந்த ஃபேனைப் போட்டுவிட்டு வந்திருந்தேன். பழகிய சத்தம் என்பதால் அதுவரை அவர் காதில் விழவில்லை போல.

"என்னங்க, சத்தம் கேக்குதா?"

அவர் பாப்பாவின் கழுத்தடியில் கையைச் சரிசெய்தார்.

"நீங்க இங்க இருக்கீங்க. அப்ப அங்க டைமிங் வைக்கிறது யாரு?"

"எலியா இருக்கும்."

"எலி பத்தாம் நம்பர் ஸ்பேனரா பிடிக்கும்?"

அவர் பாப்பாவை இரண்டு கையாலும் என் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு எழுந்துபோனார். பின்கதவின் தாழ்ப்பாளை உள்பக்கமாகப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.