பானைத் தலைவருக்கு வந்த பரிசோதனை

"செத்தாலும் சரி, அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன்!" என்று எதியாங் சபதம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும்தான். மனைவி அமூகே எதிரில் இருக்கும்போது இந்த மாதிரிச் சபதங்கள் அவர் வாயில் வருவதில்லை.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாக அவருக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. வேலிப் பக்கம் போய் நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி முட்டிக்கொண்டு வரும். அமூகேயின் அண்ணன் இதே தொந்தரவை மூடி மறைத்து, ஒரு நாள் ஒரேயடியாக அடைத்துக்கொண்டு, குழாயும் பையுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அதைப் பார்த்ததிலிருந்து அவள் பயந்துபோய், பரிசோதனைக்குப் போங்கள் என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

எதியாங்குக்கும் பயம்தான். ஆனால் அவர் ஒரு தலைவர். குமி ஊரில் அமூகே புளிக்க வைக்கும் கேழ்வரகுக் கள்ளுக்குத் தனிப் பேர். அந்தக் கள்ளை அங்கே அஜோனோ என்பார்கள்; அஜோனோ என்றாலே அவள் வீடுதான். மாலையானால் முற்றத்தில் பானையைச் சுற்றி ஆண்கள் ஆளுக்கொரு நீள உறிஞ்சுகுழலோடு உட்கார்ந்துவிடுவார்கள். பானை வற்ற வற்ற அவள் வெந்நீர் ஊற்றுவாள். நடுவில் எழுந்து போகாமல் கடைசிவரை யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவர்; சவாரி வரிசையில் இடம் போய்விடும் என்று பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்து பழகியவர் எதியாங். அவரை யார் அசைக்க முடியும்? ஊரில் மற்றவர்கள் படிப்பை வைத்தும் நிலத்தை வைத்தும் தலைவர் ஆனார்கள். இவர் மூத்திரப்பையை வைத்து ஆனவர்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அமூகே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேனே."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"காளை மாதிரி இருக்கேன்னாரு."

"கையுறை போட்டுப் பின்பக்கமா பார்த்திருப்பாரே?"

"பார்த்தாரு, பார்த்தாரு. கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல."

"வலிக்கவே இல்லயா?"

"யாருக்கு? எனக்கா?"

"அடேயப்பா! உங்க தைரியம் யாருக்கு வரும்!" என்று அமூகே கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

எதியாங்குக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமானதிலிருந்து அவள் இப்படி மலைத்துப்போய் அவர் பார்த்ததே இல்லை. அந்த இடத்திலேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பானையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அமூகே வெந்நீரை ஊற்றிக்கொண்டே ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "உங்க தலைவர் இன்னிக்கு அந்தப் பரிசோதனையப் பண்ணிட்டு வந்துட்டாரு, தெரியுமா? கொசு கடிச்ச மாதிரிகூட இல்லயாம்."

பக்கத்து வீட்டு ஒமோதிங் குழலை வாயிலிருந்து எடுத்தார். "நெசமாவா தலைவரே? நாங்க எல்லாம் நெனச்சாலே நடுங்குறோமே!"

"நடுங்கறதுக்கு என்னய்யா இருக்கு?" என்றார் எதியாங்.

"அப்ப நாளைக்குக் காலையில நீங்க முன்னால போங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

"நான்தான் போயிட்டு வந்துட்டேனே!"

"தலைவர் இல்லாம நாங்க எப்படிப் போறது?" என்று கூட்டமே கேட்டது. சிலருக்குக் கண்ணில் நீர்கூட வந்தது.

"அதுக்கென்ன, போவோம்" என்றது எதியாங்கின் வாய். மனசு பிறகுதான் விழித்துக்கொண்டது.

காலையில் சலவைச் சட்டை போட்டு ஊர்வலமாகப் போனார்கள். எதியாங்கிடம் ஒரு திட்டம் இருந்தது. எல்லோரையும் உள்ளே தள்ளிவிட்டுப் பின்பக்கமாக நழுவிவிடுவது. வாசலில் நர்ஸ் இவர்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"ஒமோதிங்கய்யா! மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா? நீங்க எல்லாரும் போன வாரம்தானே பார்த்துட்டுப் போனீங்க? ஏன் மறுபடி வந்திருக்கீங்க?"

"நாங்க சும்மா துணைக்கும்மா" என்று ஒமோதிங் தலையைச் சொறிந்தார். "பார்க்கவேண்டியவர் இவர் ஒருத்தர்தான்."

எதியாங் திரும்பிப் பார்த்தார். பின்பக்க வழியில் அவருடைய தொண்டர்கள் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள்.

உள்ளே இருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். பிரார்த்தனை ஒன்றை எதியாங் ஆரம்பித்தார். பாதி சொல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"புராஸ்டேட் சுரப்பி கொஞ்சம் வீங்கியிருக்கு. இந்த வயசுல வர்றதுதான், மாத்திரை தர்றேன். ரத்தமும் பார்த்துடலாம்" என்றாள். "ஆனா பகல்ல தண்ணியே குடிக்காம, அடக்கிக்கிட்டு, உக்காந்த இடத்த விட்டு எழுந்திரிக்காம இருந்துட்டு, சாயங்காலம் பானையோட மல்லுக்கட்டினா அந்தப் பை என்னய்யா செய்யும்? வந்தா அடக்காதீங்க. அப்பப்ப எழுந்து நடங்க. கள்ளையும் குறைச்சுக்குங்க."

திரும்பும் வழியில் ஒமோதிங் உண்மையைக் கக்கினார். "கோவிச்சுக்காதீங்க தலைவரே. எங்க ஒவ்வொருத்தனையும் உங்க வீட்டம்மா தனியாக் கூப்பிட்டாங்க. பரிசோதனை பண்ணிக்காதவன் குழலை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன்னுட்டாங்க. எங்க வீட்டுக்காரிங்களும் அவங்க பக்கம். நாங்க என்ன பண்ணுவோம்?"

எதியாங் நடுரோட்டில் நின்றுவிட்டார். கோபம் வரட்டும் என்று காத்துப் பார்த்தார். வரவில்லை. இத்தனை முரட்டு ஆண்களை, ஒரு சத்தம் போடாமல், ஒருத்தனுக்குத் தெரியாமல் இன்னொருத்தனை! பரிசோதனைக்கு வாருங்கள் என்று அரசாங்கம் மாதக்கணக்காக ஒலிபெருக்கியில் கத்தியும் நகராதவர்கள். அவருக்கு மலைப்பாக இருந்தது. அண்ணனைப் போல இவரையும் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பொய் சொன்னது நேத்து. நீ அவங்களை அனுப்பினது போன வாரம். அது எப்படி?"

"நீங்க பொய்தான் சொல்வீங்கன்னு போன வாரமே தெரியுமே" என்றாள் அமூகே, கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே.

"என்னையும் குழலை ஒடிப்பேன்னு மிரட்டியிருக்கலாம்ல? எதுக்கு இவ்வளவு பெரிய நாடகம்?"

"உங்களை மிரட்டினா திருட்டுத்தனமா வேற பானைக்குப் போயிடுவீங்க. தலைவரே, முன்னால போங்கன்னு சொன்னா கிணத்துக்குள்ளகூடப் போவீங்க."

எதியாங் முக்காலியில் நெளிந்தார்.

"என்ன, காலை ஒடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? வந்தா அடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல? எழுந்து போங்க."

தலைவர் எழுந்து போனார்.