அம்மாவின் கணுக்காலில் அரை இஞ்ச்

பெரியம்மாவுக்கு அன்பும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கம். இங்கே ஒரு கணுக்காலைத் தவிர எல்லோரும் நலம். அதுவும் தேறி வருகிறது. போனில் என்றால் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கையின் வலது கணுக்கால் ஒரு வருஷமாக வீங்கியிருந்ததும், தையல் மெஷின் மிதித்துத்தான் இப்படி என்று நாம் முடிவு கட்டியதும் உங்களுக்குத் தெரியும். அது இல்லையாம். மூட்டுக்குள் உறை மாதிரி ஒரு சவ்வு உண்டாம், அது கோளாறாகிக் குருத்தெலும்புக் குருணைகளை உண்டாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, லட்சத்தில் ஒருவருக்குத்தான் வரும் என்றார் டாக்டர். அம்மா முகத்தில் ஒரு பெருமை! வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி என்பதால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் படித்தது வணிகவியல் என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டி வைத்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "மறுபடி பெடல் மிதிப்பேனா, மாட்டேனா?" சவ்வையும் குருணையையும் சுத்தமாக எடுத்தால் மிதிக்கலாம் என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் டாக்டர் வந்து அம்மாவின் காலில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனார். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அம்மா கைப்பையிலிருந்த பென்சிலால் அரை இஞ்ச் தள்ளி இன்னொரு கோடு போட்டுவிட்டாள். முப்பது வருஷம் துணி வெட்டிய கை சும்மா இருக்குமா? தியேட்டர் வாசலில் டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இது யாரும்மா போட்டது?"

"நான்தான் சார். மடங்குற இடத்துல தையல் போட்டா இழுக்கும். கொஞ்சம் தள்ளி வெட்டுங்க."

"அங்க நரம்பு ஓடுதும்மா."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் கைய வைக்கப்போறேன்!"

எனக்குக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே அம்மாவின் கோட்டை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போனார். நாற்பத்தொரு குருணை வந்தது. முதல் தடவை கட்டுப் பிரித்தபோது அம்மா தையலை உற்றுப் பார்த்து, "நெருக்கமா போட்டிருக்காரு. நல்ல கை" என்றாள்.

ஆறு வாரம் மெஷின் பக்கமே போகக் கூடாது. இன்று பத்தொன்பதாம் நாள். அம்மாவும் டாக்டர் சொன்ன பேச்சைக் கேட்டு, தலையணைமேல் கால் நீட்டிச் சாதுவாகப் படுத்திருக்கிறாள். நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டியதே இல்லை.

பெரியப்பாவுக்கு என் வணக்கம், அக்கா பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உங்கள் மகள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடி உள்ளே போனேன். அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வலது கால் பெடலில். "எடும்மா காலை!" என்றேன். "ரெண்டு நிமிஷம் இருடி, வலிக்குதான்னு பாக்குறேன்." வலிக்கவில்லையாம். மெஷின் ஒரே சீராக ஓடுகிறது, எனக்குத் திட்ட வாய் வரவில்லை. உடனே புறப்பட்டு வாருங்கள், பெரியம்மா. திட்ட ஒரு ஆள் வேண்டும்.