அருண்பாண்டியன் கிழித்த யானை

"ஏட்டி செல்வி, இங்கன வந்து பாரு! யானைக்குத் தும்பிக்கையக் காணோம்!"

சுந்தரபாண்டியன் போட்ட சத்தத்தில் மனைவி முத்துச்செல்வி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். நேற்று வாங்கிய படப் புத்தகத்தின் நடுவே, இரண்டு வயது அருண்பாண்டியன் மிச்ச யானையையும் கிழித்துக்கொண்டிருந்தான்.

"சின்னப்புள்ளைக்கு எதுக்குங்க புஸ்தகம்?"

"டாக்டரம்மா சொல்லிருக்காவ. இப்பவே பழக்குனாத்தான் படிப்பு ஒட்டுமாம். என்னைய மாதிரி இவனும் தராசப் புடிச்சிட்டு நிக்கணுமாக்கும்?"

கோவில்பட்டியில் வீட்டை ஒட்டியே பலசரக்குக் கடை. மூன்று தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டாத குடும்பம். மகன் கலெக்டராக வேண்டும். பாவம், மனுஷனுக்கு அந்த ஒரே ஆசைதான்.

மறுநாள் இன்னொரு புத்தகம் வாங்கி, பையனை மடியில் வைத்து அவரே வாசித்தார்.

"இது ஆடு. இது மாடு."

சமர்த்தாகத்தான் கேட்டான். பக்கத்தைப் புரட்டியதும் சர்ரென்று ஒரே கிழி. ஆடும் போச்சு, மாடும் போச்சு.

விடுவாரா? மதுரைக்கு ஆளனுப்பிக் கெட்டி அட்டைப் புத்தகம் வரவழைத்தார். அதைக் கிழிக்க முடியாத ஆத்திரத்தில் பிள்ளை வீசியெறிய, முத்துச்செல்வியின் நெற்றி எலுமிச்சம்பழம் கணக்காக வீங்கிவிட்டது.

"இவன் கலெக்டர் ஆகுததுக்குள்ள என் உசுரு போயிரும்!" என்று அழுதாள்.

மறுபடியும் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"பிள்ளைங்க பெரியவங்களைப் பார்த்துத்தான் கத்துக்கும். உங்க பக்கத்துலயே வச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

"இப்பமே பாதிநேரம் கடையில என் காலடியிலதான் கெடக்கான். இனிமே முழுநேரமும் வச்சுக்கிடுதேன்."

அன்று சாயந்தரமே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பையனை உட்காரவைத்து, புதுப் புத்தகம் ஒன்றையும் கையில் கொடுத்தார். சீரகம் வாங்க வந்த வெள்ளைத்தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஒரு பக்கத்தைக் கிழித்தான். கோணல்மாணலாகச் சுருட்டினான். அடியை மடக்கி, வாயால் ஊதி, அவளிடம் நீட்டினான்.

சுந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா தாயி? புஸ்தகத்துக்கும் இவனுக்கும் ஏழாம் பொருத்தம். இவன் எங்க படிக்கப் போறான்?"

வெள்ளைத்தாய் சிரித்தாள்.

"ஏன் அண்ணாச்சி சலிச்சுக்கிடுதீங்க? நீங்க தெனமும் பழைய புஸ்தகத்தக் கிழிச்சுப் பொட்டலம் கட்டுதீங்க, அவன் புதுசுல கட்டுதான். அதுலயே சீரகத்தப் போடுங்க!"