பெட்ரோல் பங்கு

டெய்லரை இன்னும் காணோம். முன் சீட்டில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் பெரியவரும், பின்னால் நர்ஸும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. எஞ்சினை அணைப்பதா வேண்டாமா என்று ஸ்டோர்கீப்பர் தவித்துக்கொண்டிருந்தார். அணைத்தால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும். ஓடவிட்டால் பெட்ரோல் குடிக்கும்.

“ஒரு ஹாரன் அடிங்களேன் தம்பி” என்றார் பெரியவர்.

“பேட்டரி இறங்கிடும்ங்க.”

டெய்லர் ஓடிவந்தார். இடுப்பில் ஒரு துணி மூட்டை, தலையில் ஒன்று. “மன்னிச்சுக்குங்க சார், காஜா எடுக்கிற பையன் வரலை.”

மூட்டைகள் ஏறியதும் காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குறையும் என்று ஸ்டோர்கீப்பர் மனதுக்குள் கணக்குப் போட்டார். போகட்டும். பாவம், நம்மை நம்பி வருகிறவர்கள்.

அவர் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்தியதிலிருந்துதான் இதெல்லாம். வீட்டில் பால் குறைந்தது, பேப்பர் நின்றது, மகளின் கம்ப்யூட்டர் வகுப்பு தள்ளிப்போனது. ஒருநாள் மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

“காரை வித்துடலாங்க. நீங்க பஸ்ஸுல போயிடுங்க.”

கார் பழசுதான். ஆனாலும் அந்தத் தெருவில் அவருக்கென்று இருந்த மரியாதை முழுக்க அந்தக் காருக்குள்தான் இருப்பதாக அவர் நினைத்தார்.

“விக்கிற பேச்சே கூடாது. தெருவுல யாரையாவது ஏத்திக்கிட்டா பெட்ரோலுக்குப் பங்கு கொடுப்பாங்க. ஆனா ஒண்ணு, நான் போய் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். அவங்களா வரணும்.”

“அவங்களா எப்படிங்க வருவாங்க?”

“தேவைப்படறவங்க தேடி வருவாங்க.”

மறுநாள் காலையிலேயே தேடி வந்துவிட்டார்கள்.

“அண்ணா, நீங்க அந்தப் பக்கம்தானே போறீங்க? பெட்ரோலுக்குப் பங்கு போட்டுக்கறோம். எங்களையும் ஏத்திக்கிட்டா பெரிய உதவியா இருக்கும்” என்றார் நர்ஸ். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

ஸ்டோர்கீப்பர் மனைவியைத் திரும்பிப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவள் ஈரத்துணியை உதறுவதில் மும்முரமாக இருந்தாள்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பெரியவர் திருப்பத்துக்குத் திருப்பம் மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டு வருவார். நர்ஸ் கார் கிளம்பியதுமே கண்ணை மூடிக்கொள்வார். வேலை அலுப்பாக இருக்கும் என்று ஸ்டோர்கீப்பர் சத்தம் போடாமல் ஓட்டினார்.

ஆனால் நர்ஸின் ஆஸ்பத்திரி, தொழிற்சாலையைத் தாண்டி இருந்தது. அவரை இறக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் கேட் மூடிவிடும். மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு இவரைப் பார்ப்பார். பங்குப் பணம் அந்தச் சுற்றுக்கே சரியாகப் போயிற்று.

ஈடுகட்ட ஏசியை நிறுத்தினார். புழுக்கம் தாங்காமல் எல்லோரும் ஜன்னலை இறக்கினார்கள். காற்று ஒரு வீசு வீசியதில் டெய்லரின் மூட்டை அவிழ்ந்து, வெட்டிவைத்த சட்டைக் கைகள் வரிசையாக வெளியே பறந்தன. நடுரோட்டில் காரை நிறுத்திவிட்டு நாலு பேரும் துரத்தினார்கள். ஒரு கை மட்டும், முன்னால் போன லாரியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, டாட்டா காட்டியபடி மறைந்தது.

“அது கல்யாணச் சட்டை சார்” என்றார் டெய்லர், ஈனஸ்வரத்தில்.

புதுத் துணிக்கான காசை ஸ்டோர்கீப்பர் கொடுக்கவேண்டியதாயிற்று.

அதை ஈடுகட்டத்தான் மேம்பாலத்து இறக்கத்தில் எஞ்சினை அணைத்துப் பார்த்தார். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“பாத்தீங்களா? ஒரு சொட்டு செலவில்லை!”

பெரியவரின் பாட்டு சட்டென்று உச்சஸ்தாயிக்குப் போனது. கீழே திருப்பத்தில் ஸ்டோர்கீப்பர் பிரேக்கை மிதித்தார். அது கல்லாக இருந்தது. ஸ்டீயரிங்கும் அசையவில்லை. கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் மணல் குவியலுக்குள் கார் பாதிவரை புகுந்து நின்றது.

யாருக்கும் அடியில்லை. நர்ஸ் கண்ணைத் திறந்து, எல்லோருக்கும் கைகால் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

“இறக்கத்துல ஆஃப் பண்ணி ஓட்ட யாரு சார் சொன்னா?” என்றான் மெக்கானிக்.

“சிக்கனத்துக்குத்தான்…”

“இந்த ரிப்பேர் செலவுக்கு தினம் டாக்சியில போயிருக்கலாம்.”

அன்று சாயங்காலம் ஸ்டோர்கீப்பர் வீட்டில் குதித்தார். “எல்லாம் அந்த மூணு பேரால வந்தது! ஒருத்தருக்கு நேரம் தெரியாது, ஒருத்தருக்குத் தூக்கம், ஒருத்தருக்குக் கச்சேரி!”

“அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள் மனைவி. அவள் குரலில் இருந்த அழுத்தம் அவரை நிறுத்தியது. “தங்கமானவங்க.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வடிந்ததும் அடியில் வேறு என்னவோ தங்கியிருந்தது. ஓவர்டைம் நின்றபின் ஸ்டோரில் அவரை யாரும் தேடுவதில்லை. சீக்கிரம் வீடு திரும்பினால் டி.வி. பார்ப்பவர்கள் கால்களை மடக்கி வழிவிடுவதோடு சரி. காலையில் வாசலில் மூன்று பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் வந்தால்தான் அவர்களுக்குப் பொழுது நகரும் என்பதுபோல் நின்றார்கள். அவர் இவ்வளவு நாள் காப்பாற்றப் பார்த்தது பெட்ரோலை இல்லை போலிருக்கிறது.

“வித்துடலாம்” என்றார்.

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் எப்படியோ பஸ்ஸுல போயிடுவேன். அவங்க என்ன பண்ணுவாங்க? அந்த டெய்லர் மூட்டையைத் தூக்கிக்கிட்டு… வயசான மனுஷன் வேற…”

“போயிடுவாங்க.”

“உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட” என்று வருத்தப்பட்டார்.

கார் என்ன ஆயிற்று என்று விசாரிக்க, காலையில் மூவரும் வழக்கம்போல் வாசலில் நின்றார்கள். ஸ்டோர்கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ஒர்க்‌ஷாப்லேருந்து வந்ததும் காரை விக்கறதா முடிவு பண்ணிட்டேன். உங்களை நடுத்தெருவுல விடற மாதிரி இருக்கு. எனக்கு மனசே சரியில்லை.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டெய்லர் எதற்கோ மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போய், கையைக் கீழே இறக்கினார்.

“நீங்க கவலைப்படாதீங்க தம்பி” என்று பெரியவர் அவர் தோளில் கை வைத்தார்.

“இன்னைக்கு நான்தான் உங்களை பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போவேன். டிக்கெட் என் செலவு” என்றார் ஸ்டோர்கீப்பர்.

“ஐயோ, அதெல்லாம் எதுக்கு சார்?”

“பேசக்கூடாது. இது என் கடமை.”

பஸ்ஸில் முன்னால் நின்று, “கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்தார். நர்ஸ் கண்களை அகலத் திறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பெரியவர் பாடவில்லை. துக்கம் என்று ஸ்டோர்கீப்பர் நினைத்துக்கொண்டார்.

கண்டக்டர் வந்தார். ஸ்டோர்கீப்பர் நெஞ்சை நிமிர்த்திப் பணத்தை நீட்டினார்.

“நாலு டிக்கெட். இவங்க மூணு பேருக்கும் சேர்த்து.”

டெய்லர் பலமாக இருமினார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இவங்களுக்கு எதுக்கு சார் டிக்கெட்? மூணு பேரும் நம்ம பஸ் பாஸ்காரங்க! என்ன டெய்லரே, யாரோ பாவம் நொடிஞ்சுபோன குடும்பம், அந்த வீட்டம்மா வந்து கெஞ்சிக் கேட்டாங்க, பெட்ரோலுக்குக் கைகொடுக்கப் போறோம்னு கார்ல போனீங்களே… அவங்க கஷ்டம் தீர்ந்துதா?”